பேராச்சியின் கழுத்து

துண்டை நாலாக மடித்து அவள் தலையில் போட்டார் ஹமீது பாய். பெண்பிள்ளையின் தலையை வெறுங்கையால் தொடுவது அவருக்குச் சங்கடமாக இருந்தது. துண்டின் மேலாக ஒரு கையைத் தாடையிலும் மறுகையைப் பிடரியிலும் வைத்தார்.

"கண்ணு மூடு அம்மா. உடம்பு டீலா விடு."

பேராச்சி கண்ணை மூடினாள். உடம்பு தளரவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்ற அவள் கணவன் வேலுச்சாமி தைரியம் சொன்னான்.

"ஒண்ணுமில்லளா. படக்குன்னு ஒரு சத்தம் கேக்கும். அம்புட்டுதான். எங்க தோல் கிடங்குல முக்காவாசிப் பேரு கழுத்து பாய் கையிலதான் இருக்கு."

"நீரு சும்மா இரியும்" என்றாள் பேராச்சி கண்ணைத் திறக்காமல். "கழுத்து என்னுது."

ஹமீது பாய் சவரக்காரர். தாராவியில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார். முடி வெட்டி முடித்ததும் கழுத்தை இரண்டு பக்கமும் ஒரு சுண்டு சுண்டி அனுப்புவார். அதற்காகவே அவரிடம் வருகிறவர்கள் உண்டு. வீட்டுக்கு வந்து பார்ப்பது வழக்கமில்லை. வேலுச்சாமி கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தான்.

தலையை இம்மியளவு அசைத்துப் பார்த்தார். பேராச்சி பல்லைக் கடித்தாள்.

"ரொம்ப டைட். என்ன மூட்டை தூக்கினே? தோலா, அரிசியா?"

"மூட்டை எங்க தூக்குனா?" என்றான் வேலுச்சாமி. "நேத்து டாக்ஸியில வந்தோம் பாய். சயான்ல லாரிக்காரன் பின்னால வந்து இடிச்சிட்டான். அப்ப ஒண்ணுமில்ல. காலையில எந்திரிச்சா கழுத்து பிடிச்சிட்டுங்கா."

இரண்டு கைகளும் சட்டென்று விலகின.

"மோட்டாரா? அரே வேலு சேட், நீ சொல்லவே இல்லியே!"

"எல்லாம் கழுத்துதானே பாய்?"

"நஹி நஹி. சுமை தூக்கின கழுத்து, தப்பாத் தூங்கின கழுத்து, அது நம்ம வேலை. மோட்டார் கழுத்து நான் தொட மாட்டேன். உள்ளே எலும்பு எப்படி இருக்கு, யாருக்குத் தெரியும்? நான் ஒரு ஜட்கா, ஒரு சுண்டு குடுத்தா..."

துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "டாக்டர்கிட்டே காட்டு. சாயா இருக்கா?"

சாயா குடித்துவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் பேராச்சிக்குப் பயம் வந்தது.

அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்தபோது பம்பாயில் அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் வேலுச்சாமி. அவனையும் அதற்கு முன்னால் சரியாகத் தெரியாது. தோல் கிடங்கில் அவனுக்கு வேலை நிரந்தரம், வாய் அதைவிட நிரந்தரம். பேச்சைக் கேட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல்தான் இட்லி போட ஆரம்பித்தேன் என்று அவள் சொல்வாள். அது பாதி உண்மை. மகள் பிறந்தாள், வளர்ந்தாள், உல்லாஸ்நகரில் வாழ்க்கைப்பட்டாள். இட்லி மட்டும் நிற்கவில்லை.

காலையில் வாய் அகன்ற தேக்சா நிறைய இட்லி அடுக்கி, ஈரத்துணி போட்டு மூடி, தலையில் சும்மாடு வைத்து அதன்மேல் ஏற்றிக்கொள்வாள். ஒரு கையில் சாம்பார் தூக்கு, மறுகையில் சட்னி. தேக்சாவைப் பிடிக்கக் கை கிடையாது. அது தானாக நின்றது. தாராவியின் சேற்றுச் சந்துகளையும் சாக்கடைப் பலகைகளையும் ரயில்வே மேம்பாலப் படிகளையும் தாண்டி, மாதுங்கா ஒர்க்‌ஷாப் வாசல் வரைக்கும் அது அசையாமல் போகும். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் பேராச்சி முதலில் நிற்பாள். பிறகு கால், இடுப்பு, தோள், தலை எல்லாம் ஒன்றாகத் திரும்பும். தலை மட்டும் திரும்பினால் தேக்சா சரியும்.

"தேர் திரும்புது, வழி விடுங்கடே" என்பார்கள் ஒர்க்‌ஷாப் ஆட்கள்.

கழுத்து போனால் தேக்சா போயிற்று. வேலுச்சாமியின் சம்பளத்தில் சோறு கிடைக்கும், அது வேறு. காலையில் வாசலைத் தாண்டினால் அவளுக்கென்று ஒரு வழி இருந்தது, அவள் வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று கேட்கிற ஆட்கள் இருந்தார்கள். அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் பெண்களை அவளுக்குத் தெரியும். அவர்கள் பேசுவதெல்லாம் வியாதி.

டாக்ஸி வேலுச்சாமியின் ஆசை. செம்பூரில் அவன் அத்தை மகன் வீடு கட்டிக் குடிபோனான். விருந்து முடிந்து திரும்பும்போது பஸ்ஸுக்கு நிற்காமல் ஒரு ஃபியட்டைக் கை காட்டி நிறுத்தினான். "ஒரு நாளாவது ஏறிப் பாரேன்." முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் அவன், பின்னால் பேராச்சியும் அவன் தங்கச்சி தங்கமயிலும். தங்கமயில் சீட்டில் சாய்ந்துகொண்டாள். பேராச்சிக்குச் சாயத் தெரியாது. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சயானில் ஒரு கைவண்டி குறுக்கே வந்தது, டாக்ஸி நின்றது, பின்னால் வந்த லாரி நிற்கவில்லை. தலை பின்னால் போய் முன்னால் வந்தது. அவ்வளவுதான். டாக்ஸிக்காரனும் லாரிக்காரனும் நடுரோட்டில் ஒருவன் தாயை இன்னொருவன் விசாரித்துக்கொண்டிருக்க, இவர்கள் மூன்று பேரும் இறங்கி வீட்டுக்கு நடந்தார்கள். வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார்கள். ராத்திரி படுத்து, காலையில் எழுந்தபோது தலையைத் தூக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்கும் மூன்று பேருமாகத்தான் போனார்கள். பம்பாயில் பிறந்த தங்கமயிலுக்கு ஹிந்தி தண்ணீர்பட்டபாடு. தமிழில் பஸ் பலகை படிப்பதற்குள் பஸ் போய்விடும். பேராச்சியின் ஹிந்தி இட்லி விற்கப் போதும், கழுத்து வலியைச் சொல்லப் போதாது.

டாக்டர் ரோஷன் பார்சிக்காரர். நரை விழுந்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். அவர் அறையில் நோயாளி உட்காருவதற்கு உருளும் தலை வைத்த இரும்பு ஸ்டூல் ஒன்று இருந்தது. பேராச்சியை அதில் உட்காரவைத்துவிட்டு, கழுத்தைத் தொடாமல் முதலில் கேள்வி கேட்டார். வண்டியில் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், எந்தப் பக்கம் இடி, தலை எதிலாவது மோதியதா, மயக்கம் வந்ததா?

"மயக்கம் வந்துச்சான்னு கேக்காவ மதினி."

"எனக்கு எதுக்கு வருது? உங்க அண்ணனுக்குத்தான் டாக்ஸியில ஏறுனதுல இருந்தே மயக்கம்."

"நஹி" என்றாள் தங்கமயில் டாக்டரிடம்.

"அவ்வளவு நீளமா ஏதோ சொன்னாங்களே?"

"இல்லைன்னுதான் சொன்னாங்க."

கையில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதா, விரல் மரத்துப் போகிறதா, நடக்கும்போது கால் தடுமாறுகிறதா? ஒவ்வொன்றுக்கும் பேராச்சி தலையை ஆட்டப் பார்த்து, வலியில் பாதியில் நிறுத்தினாள். "வாயாலே சொல்லு, தலையாலே சொல்லாதே" என்றார் டாக்டர். அது எல்லாருக்கும் புரிந்தது. தன் இரண்டு விரல்களைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். அன்றாடம் ஆட்டுரலோடு மல்லுக்கட்டும் கை அது. "பஸ், பஸ், போதும்!" என்று டாக்டர் விரல்களை உருவி உதறிக்கொண்டார். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் தானாக எகிறி டாக்டரின் வெள்ளைக் கோட்டில் பட்டது. பேராச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பிறகுதான் கழுத்துக்கு வந்தார். நடு எலும்பை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக அழுத்தினார். அங்கே வலியில்லை. இரண்டு பக்கமும் தோளில் இறங்குகிற சதையைத் தொட்டபோது பேராச்சி "ஆத்தாடி" என்றாள். டாக்டர் முகத்தில் திருப்தி தெரிந்தது.

"நல்லது. இப்போ மெதுவா இடது பக்கம் திரும்பச் சொல்லு. வலிச்சா நிறுத்தட்டும்."

"இடது பக்கம் திரும்பணுமாம் மதினி."

பேராச்சி திரும்பினாள். கட்டைவிரலைத் தரையில் ஊன்றி, இடுப்போடு, தோளோடு, ஸ்டூலோடு திரும்பினாள். ஸ்டூல் கிறீச்சிட்டது. எதிரே சுவர் வந்ததும் நிறுத்தினாள்.

"திரும்பியாச்சு" என்றாள் சுவரைப் பார்த்து.

டாக்டர் அவளைப் பழையபடி உட்காரவைத்தார். கழுத்தை மட்டும் என்று சொல்லச் சொன்னார். தங்கமயில் சொன்னாள். பேராச்சி முன்னைவிடப் பதவிசாக, முன்னைப் போலவே திரும்பினாள். டாக்டர் தன் காலால் ஸ்டூலை அணைத்துப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் சொன்னார். இடுப்பு முறுகியது. தோள் போனது. தோளுக்கு மேலே தலை, கோவில் தூணில் செதுக்கிவைத்தது போல, தோளோடு சேர்ந்து போனது.

டாக்டர் முகம் மாறிவிட்டது. தங்கமயிலுக்கு ஏன் என்று விளங்கவில்லை. மதினி எப்போதும் திரும்புகிற மாதிரிதான் திரும்பினாள்.

தள்ளுவண்டி வந்தது. பேராச்சியை மல்லாக்கப் படுக்கவைத்து, தலையின் இரண்டு பக்கமும் போர்வையைச் சுருட்டி முட்டுக் கொடுத்தார்கள். படம் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். எலும்பு விலகியிருந்தால் இங்கேயே இருக்க வேண்டிவரும், தாடையில் பட்டை கட்டி, கயிறு போட்டு, கட்டில் தலைமாட்டில் எடை தொங்கவிடுவோம், வாரக்கணக்கில் ஆகும். அதற்குப் பிறகு அவர் சொன்ன ஒன்றைத் தங்கமயில் தமிழில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. சர் பர் போஜா, கபி நஹி. போஜா என்றால் சுமை, கபி நஹி என்றால் ஒருக்காலும் இல்லை என்று ஸ்டேஷன் போர்ட்டர்களோடு வழிக்குச் சண்டைபோட்ட காலத்திலிருந்தே பேராச்சிக்குத் தெரியும்.

படம் எடுத்தார்கள். கழுவிக் கொண்டுவரும் வரை தாழ்வாரத்தில் தள்ளுவண்டியை நிறுத்தினார்கள். பேராச்சி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மின்விசிறி ஒன்று ஓடாமல் இருந்தது. நாளைக்குக் காலையில் ஒர்க்‌ஷாப் வாசலில் வேறு யாராவது கூடையை இறக்குவார்கள், அந்த இட்லி எப்படி இருக்கும் என்று நினைத்தாள். கல்லு மாதிரி இருக்கும்.

வேலுச்சாமி பக்கத்தில் நின்றான். பிறகு தலைமாட்டுக்குப் போய்ப் போர்வை முட்டைச் சரிசெய்தான்.

"டாக்ஸி வேண்டாம்னு சொன்னே" என்றான் கடைசியில்.

"சொன்னேன்."

"பஸ்ஸுல வந்திருக்கலாம்."

"வந்திருக்கலாம்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் தலைமாட்டில் கேட்டது.

"பின்னால நின்னு அழுதா எனக்குத் தெரியாது" என்றாள் பேராச்சி. "அழுறதுன்னா முன்னால வந்து அழும்."

அவன் முன்னால் வந்தான். வந்ததும் அழவில்லை.

படம் ஈரம் சொட்டச் சொட்ட வந்தது. டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். எலும்புகள் வரிசையாக, ஒன்றின்மேல் ஒன்றாகப் பிசகாமல் இருந்தன. இட்லித் தட்டு அடுக்கின மாதிரி இருக்கிறது என்று தங்கமயில் நினைத்தாள். டாக்டருக்கு நிம்மதி வரவில்லை. எலும்பு சரி, கையில் பலம் இருக்கிறது, நடுவில் வலி இல்லை. பிறகு ஏன் கழுத்து திரும்பவில்லை? வார்டுக்கு அனுப்பத் துண்டுச் சீட்டை எடுத்தவர், எழுதாமல் பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நேத்துக் காலையிலே, இடிபடறதுக்கு முன்னாலே, பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டா இவங்க எப்படித் திரும்புவாங்க?"

எப்படிச் சோறு சாப்பிடுவார்கள் என்று கேட்டது போலத் தங்கமயில் விழித்தாள். "இப்படித்தான்" என்று நின்ற இடத்தில் கால், இடுப்பு, தோள், தலை எல்லாம் ஒன்றாகத் திரும்பிக் காட்டினாள்.

"எப்பவுமேவா?"

"எனக்குத் தெரிஞ்ச நாள்ல இருந்தே."

"ஏன்?"

"தலையிலே தேக்சா இருக்குமே."

"வீட்டுக்குள்ளே? தேக்சா இல்லாதப்போ?"

தங்கமயில் யோசித்தாள். இதைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை. "அப்பவும் இப்படித்தான்" என்றாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

டாக்டரும் சிரித்தார். தள்ளுவண்டியை உள்ளே கொண்டுவரச் சொன்னார். ஸ்டூலை மூலைக்குத் தள்ளிவிட்டு, சாய்மானம் உள்ள மரநாற்காலி ஒன்றைப் போட்டுப் பேராச்சியை உட்காரவைத்தார். தங்கமயிலைப் பின்னால் நிறுத்தி இரண்டு தோளையும் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

"தோள் அசையக்கூடாது. தலை மட்டும். எவ்வளவு முடியுதோ அவ்வளவு."

"தலை மட்டும் எப்படித் திரும்பும்?" என்றாள் பேராச்சி.

"எல்லாருக்கும் திரும்பும் மதினி."

"எல்லாரும் தேக்சாவா சுமக்காவ?"

"இப்ப உங்க தலையில ஒண்ணும் இல்ல. திரும்புங்க."

பேராச்சி தலைக்குமேல் கையை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லைதான். தோளை விட்டுவிட்டுத் தலையை மட்டும் அனுப்புவது அவளுக்கு வெட்கமாக இருந்தது, பொது இடத்தில் செய்யக்கூடாத காரியம் போல. மெதுவாகத் தொடங்கினாள். சதை இழுத்தது. வலித்தது. வலித்தாலும் போனது. மேஜை போனது, ஜன்னல் போனது, மருந்து அலமாரி வந்தது, அதற்கும் பக்கத்தில் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வேலுச்சாமி நின்றான். அங்கே நிறுத்தினாள்.

"என்னளா, கல்யாணத்தன்னிக்குக்கூட இப்படிக் கழுத்தத் திருப்பி என்னப் பாக்கலியே!" என்றான் அவன்.

"பாத்திருந்தா ரயிலேறியிருக்க மாட்டேன்."

டாக்டருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல யாரும் இல்லை. தங்கமயில் தோளைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

வலப்பக்கமும் போனது, கொஞ்சம் குறைவாக. அது போதும் என்றார் டாக்டர். சதைதான் பிடித்திருக்கிறது. அட்டையை வளைத்துப் பஞ்சும் துணியும் சுற்றிக் கழுத்துக்கு ஒரு பட்டை கட்டிவிட்டார். வெந்நீர் ஒத்தடம், மாத்திரை. யாரும் பிடித்துத் திருகக்கூடாது. காலையும் மாலையும் பட்டையைக் கழற்றிவிட்டுக் கழுத்தை மட்டும் திருப்பிப் பழக வேண்டும்.

பேராச்சி எழுந்திருக்கவில்லை. தங்கமயிலிடம் சொல்லாமல் நேராக டாக்டரிடமே கேட்டாள்.

"போஜா?"

"தூக்கலாம்" என்றார் டாக்டர் ரோஷன். "இப்போ இல்லை. வலி போகட்டும். வந்து காட்டு. முதல்லே சின்னப் பாத்திரம். அப்புறம் பழையபடி."

பேராச்சி எழுந்து கும்பிட்டாள். பட்டை போட்ட கழுத்தோடு வாசல் வரை போனவளை டாக்டர் ஏதோ சொல்லக் கூப்பிட்டார். பேராச்சி நின்றாள். கால், இடுப்பு, தோள், தலை எல்லாம் ஒன்றாகத் திரும்பின.

"ஒண்ணுமில்லே" என்றார் டாக்டர். "போ."

வெளியே வந்ததும் வேலுச்சாமி ரோட்டைப் பார்த்துக் கையைத் தூக்கினான். டாக்ஸி ஒன்று வேகம் குறைந்தது. பேராச்சி அவன் கையைப் பிடித்து இறக்கினாள். மூன்று பேரும் நடந்தார்கள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை செலவாகாத மாவு பொங்கி வழிந்திருந்தது. தங்கமயில் புதிதாகக் கொஞ்சம் ஆட்டிக் கலந்தாள். வேலுச்சாமி கிடங்குக்குப் பிந்தி வருவதாகச் சொல்லி அனுப்பினான். தேக்சாவைத் தலையில் வைத்துப் பார்த்தான், நிற்கவில்லை. தோளில் வைத்துக்கொண்டான். தூக்குகளைத் தங்கமயில் எடுத்துக்கொண்டாள். பேராச்சி கழுத்துப் பட்டையோடு வெறுங்கையாக முன்னால் நடந்தாள். மேம்பாலப் படியில் வேலுச்சாமி இரண்டு இடத்தில் நின்று தோள் மாற்றினான். ஒர்க்‌ஷாப் வாசலில் ஆட்கள் பட்டையைப் பற்றிக் கேட்டார்கள். வேலுச்சாமி பதில் சொன்னான், வாசல் மணி அடிக்கும்வரை சொன்னான். இட்லி லேசாகப் புளித்திருந்தது. ஒருவன் அதைச் சொன்னான், மற்றவர்கள் சொல்லவில்லை. சட்னி கொஞ்சம் மிஞ்சியது. திரும்பும் வழியில் ஹமீது பாய் டாக்டர் என்ன சொன்னார் என்று விசாரித்தார். சதைப் பிடிப்பு என்றார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு, சோப்புப் பூசி வைத்திருந்த முகத்துக்குத் திரும்பினார். சாயங்காலம் பேராச்சி சுவரோரமாக உட்கார்ந்து பட்டையைக் கழற்றினாள். தங்கமயில் தோளைப் பிடித்துக்கொண்டாள். இடது பக்கம் அடுப்பு வரைக்கும் வந்தது. வலது பக்கம் தண்ணீர்ப் பானை வரைக்கும் வந்தது. பிறகு அரிசி ஊறப்போட்டாள்.